கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்: ஒரு 125 சிசி ஸ்கூட்டருடன் 61,000 கிலோமீட்டர்

2018 தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் ஒருவரிடமிருந்து இந்த ஸ்கூட்டரை 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அப்போது மீட்டரில் 7,000 கிலோமீட்டர் இருந்தது. போன வாரம் 68,000ஐத் தாண்டியது. சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) நான் வேலை செய்யும் செம்பனை ஆலைக்கு 14 கிலோமீட்டர். முதல் பத்து தார்ச் சாலை, கடைசி நான்கு தோட்டத்துச் செம்மண் சாலை. குலை ஏற்றிவரும் லோரிகளின் புழுதிக்குப் பின்னாலேயே வாரம் ஆறு நாள் போய்வருகிறேன். ஆலையில் லோரிகளை எடை போடும் டிம்பாங்கில் எனக்கு வேலை. லோரிக்காரர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, மோட்டார் பிரிக்கிற அக்கா என்றால் தெரியும்.

ஸ்கூட்டரின் முத்திரையைச் சொல்லப்போவதில்லை. இதே எஞ்சின் பல முத்திரைகளில் வந்திருக்கிறது. ஜிஒய்-6 என்பார்கள். ஹோண்டாவின் வடிவமைப்பைத் தழுவி தைவானின் கிம்கோ செய்தது. பிறகு சீனத்தில் எண்ணற்ற தொழிற்சாலைகள் அதையே நகல் எடுத்தன. ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், இரண்டு வால்வு. 52.4 மில்லிமீட்டர் போர், 57.8 ஸ்ட்ரோக். விசிறி அடிக்கும் காற்றில்தான் குளிரும். இந்த அளவுகள் பொருந்துமானால் நான் எழுதுவது உங்கள் வண்டிக்கும் பொருந்தும். வேறு ஸ்கூட்டராக இருந்தால் எண்களை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி மக்கர் செய்தால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற அந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். 11,000 கிலோமீட்டரில் வண்டி சிவப்பு விளக்கில் நின்றால் அணைய ஆரம்பித்தது. முதலில் சூடான பிறகு மட்டும். அப்புறம் காலையிலும் கிளம்ப மறுத்தது. பத்து உதை, பதினைந்து உதை. பெட்ரோல் வேறு அதிகம் குடித்தது. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடிய வண்டி 32க்கு வந்துவிட்டது. ஒரு பட்டறையில் விட்டேன். கார்பு, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார்கள். சாமானுக்கு 120, கூலி 30. இரண்டு நாள் நன்றாக ஓடியது. நன்றாக ஓடியது என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் ஐட்லிங் திருகை ஏற்றி வைத்திருந்தார்கள். பிரேக்கை விட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்காமலே வண்டி முன்னால் நகர்ந்தது. ஸ்கூட்டரின் கிளட்ச் சுழலும் வேகத்தால் பிடிப்பது. ஐட்லிங் ஏறினால் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பழைய கதை.

அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது ஆண்டுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். அந்தச் சத்தத்திலேயே காது மந்தமாகிவிட்டது. அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர், நான் உதைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். எப்படியோ கிளப்பி, கையால் ஆக்சிலேட்டரைப் பிடித்து வைத்தேன். அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சின் தலையிலுள்ள டேப்பட் மூடிமேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். சத்தம் கம்பி வழியாக நேராக எலும்புக்கு வரும். அரை நிமிடம் அப்படியே இருந்தார்.

“டேப்பட் பேசவே இல்லையேம்மா. சத்தம் போடுற டேப்பட்டுக்குப் பயப்படாத. ஊமையா இருக்கிறதுக்குத்தான் பயப்படணும்” என்றார்.

மறுநாள் காலை, எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருந்த நேரத்தில் மூடியைத் திறந்தோம். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில், அளவு பார்க்கும் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. டேப்பட் பார்ப்பது என்றால் இந்த இடைவெளியைப் பார்ப்பதுதான். இருக்க வேண்டியது 0.10. ஒரு தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான இடைவெளி, அவ்வளவுதான்.

அது ஏன் குறைகிறது என்று பலர் கேட்கிறார்கள். தேய்ந்தால் இடைவெளி கூடத்தானே வேண்டும்? இங்கே தேய்வது ராக்கர் மட்டும் இல்லை. வால்வின் தலை தன் இருக்கையில் தட்டித் தட்டி மெல்ல உள்ளே இறங்குகிறது. தலை இறங்க, தண்டின் மறுமுனை ராக்கரை நோக்கி ஏறுகிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1,700 சுற்று என்றால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 850 முறை தட்டுகிறது. ஓடும்போது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே நிற்பதால் அதுதான் முதலில் இறுகும். ஆறியிருக்கும்போதே இடைவெளி இல்லையென்றால், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசியும், ஐட்லிங் நிற்காது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வின் விளிம்பு கருகும். இத்தனைக்கும் கார்பு என்ன செய்யும், பாவம்?

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது கையால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுற்றுவது இலகுவாகும். வலப்பக்கத்து விசிறி மூடியையும் விசிறியையும் எடுத்தால் ஃபிளைவீல் தெரியும். அதில் ‘டி’ என்ற எழுத்தின் பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை எஞ்சின் உடம்பில் உள்ள குறியோடு சேர்க்க வேண்டும். இப்போது மேலே, வால்வுகளை இயக்கும் கேம் பல்சக்கரத்தைப் பாருங்கள். அதில் ஒரு பெரிய துளை, இரண்டு சிறிய துளை. பெரியது வெளிப்பக்கம் பார்த்து, சிறியவை இரண்டும் ஹெட்டின் விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பெரிய துளை கண்ணில் படவில்லையென்றால் நீங்கள் தவறான சுற்றில் இருக்கிறீர்கள். இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இதைப் பார்க்காமல் ‘டி’ கோட்டை மட்டும் நம்பி டேப்பட் வைத்தவர்களின் வண்டி இரண்டைச் சரிசெய்திருக்கிறேன்.

லாக் நட்டுக்கு 9 மில்லிமீட்டர் ஸ்பேனர். நடுவிலுள்ள சதுரத் தலையைப் பிடிக்கச் சிறிய சாவி. 0.10 தகட்டை உள்ளே விட்டு, சதுரத் தலையைத் திருகி இறக்கி, தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை உருவுவது போல இருக்க வேண்டும்: வரும், ஆனால் பிடித்துக்கொண்டு வரும். அப்புறம்தான் சோதனை. லாக் நட்டை இறுக்கும்போது சதுரத் தலையும் கூடவே திரும்பும். கைவிட்டால் 0.10 என்று வைத்தது 0.06 ஆகிவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இறுக்கிவிட்டு, மறுபடியும் தகடு விட்டுப் பாருங்கள். எனக்கு முதல் நாள் நான்கு முறை தவறிப்போனது. அப்பா பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை தகட்டை அவரே வாங்கி இழுத்துப் பார்த்து, தலையை அசைத்தார்.

ஒரே உதையில் கிளம்பியது. ஏற்றி வைத்திருந்த ஐட்லிங் திருகை இறக்கினேன், இறக்கினேன், இன்னும் இறக்கினேன், அணையவில்லை. புதிதாக மாட்டிய கார்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அன்றிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டேப்பட் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதிவருகிறேன். முதல் மூன்று முறை எக்ஸாஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருந்தது. பிறகு நெடுநாள் அசையவே இல்லை. இன்டேக் வால்வை மொத்தத்தில் இரண்டு முறைதான் தொட்டேன்.

டேப்பட் சரியென்றால் அடுத்தது பிளக். இதற்கு சி7எச்எஸ்ஏ ரகம், பல கப்சாய்களுக்கும் (சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கும்) போடுவதுதான், எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். இடைவெளி 0.6 முதல் 0.7. நுனி பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், ஈரமாக எஞ்சின் எண்ணெய் ஒட்டியிருந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை வெறும் 10 மில்லிமீட்டர். முதல் சில சுற்றுகளை விரலால்தான் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, திருட்டுக் காற்று. கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் வெடிப்பு விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் கார்பு கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள் (சூடான சைலன்சர் பக்கம் படாமல்). ஐட்லிங் மாறினால் ஓட்டை அங்கேதான். என் வண்டிக்கு 2021ல் ஒரு முறை மாற்றினேன், 15 வெள்ளி. கூடவே வெக்குவம் குழாயையும் பாருங்கள். பெட்ரோல் வால்வு எஞ்சினின் உறிஞ்சலால் திறப்பது. அதன் உள்ளேயிருக்கும் ரப்பர் தாள் கிழிந்தால் பெட்ரோல் அந்தக் குழாய் வழியாகவே எஞ்சினுக்குள் போய், எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய்க் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் குறை இருந்தால்தான் கார்பு. எனக்கு அது உண்மையிலேயே கார்பாக இருந்தது ஒரே ஒரு முறை. 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வண்டி பல வாரம் வாசலிலேயே நின்றது. கார்பின் அடிக்கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் காய்ந்து, பச்சை வார்னிஷ் போல ஒட்டிக்கொண்டது. ஐட்லிங் ஜெட்டின் துளை மயிரிழை அகலம்தான், அடைத்துக்கொண்டது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடும், விட்டால் அணையும். கிளீனரில் ஊறவைத்து, விளக்கு வயரிலிருந்து ஒற்றைச் செம்பிழை உருவி அதனால் துளையைத் திறந்தேன். இரும்புக் கம்பி வேண்டாம். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திக் காலி செய்துவிடுவது இப்போது என் வழக்கம். கலவைத் திருகை முழுதாக மூடி, அங்கிருந்து இரண்டு சுற்றுத் திறந்து, சூடான எஞ்சினில் கால் கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் எங்கே மிக உயர்ந்து சீராக ஓடுகிறதோ அங்கே விடுங்கள். இந்தக் கார்பில் வெளியே திறந்தால் பெட்ரோல் கூடும்.

ஆட்டோ சோக்கையும் மறக்க வேண்டாம், ஆறிய எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது அதுதான். மின்சாரம் போனால் சூடாகி, ஊசி நீண்டு, சில நிமிடத்தில் கூடுதல் பெட்ரோலை அடைத்துவிடும். அதன் வயர் கழன்றுவிட்டால் வண்டி நாள் முழுக்கச் சோக் போட்டே ஓடும். பிளக் கரியாகும், லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் குறையும். இதற்கும் கார்பு மாற்றச் சொன்ன கதை கேட்டிருக்கிறேன்.

எஞ்சின் எண்ணெய் பற்றி. கொள்ளளவு ஒரு லிட்டர்கூட இல்லை, 0.8 பக்கம். காகித ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். இவ்வளவு குறைந்த எண்ணெய் இவ்வளவு சூட்டில் நெடுநாள் தாங்காது. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன், விலை குறைந்த எண்ணெயாக இருந்தாலும் தவறாமல். பட்டறைகளில் மிஞ்ஞாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றச் சொன்னால் ஒரு லிட்டர் புட்டியை அப்படியே கவிழ்த்துவிடுவார்கள். வேண்டாம். அதிகமானால் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறி, ஸ்பாஞ்சை நனைத்து, வண்டி மூச்சுத் திணறும். குச்சியை மரையில் திருகாமல், சும்மா வைத்து அளவு பாருங்கள். பின்சக்கரத்துப் பக்கம் கியர் எண்ணெய் தனியாக இருக்கிறது, 100 மில்லிக்குச் சற்று மேல். பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறார்கள்.

இனிச் செம்மண். 2019ல் என் தம்பி ஆசையாக ஒரு திறந்த ஏர் ஃபில்டர் வாங்கி வந்து மாட்டினான், சத்தம் கம்பீரமாக இருக்கிறது என்று. பாதி ஆக்சிலேட்டரில் வண்டி இடறியது. இந்தக் கார்பு உறிஞ்சலை வைத்து வேலை செய்வது. காற்றுப் பெட்டியை எடுத்துவிட்டால் அதற்குக் கணக்குத் தப்பிவிடும், பெரிய ஜெட் போட்டுச் சமாளிக்க வேண்டும். அதைவிட மோசம், ஒரு மாதத்தில் கார்பின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். நுனியில் செம்மண் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் எங்கே போயிருக்கும்? சிலிண்டருக்குள். அன்றைக்கே பழைய பெட்டியை மாட்டினேன். தம்பிக்கு இரண்டு நாள் கோபம். தோட்டத்துச் சாலையில் ஓடுகிறவர்கள் அந்தச் சாமானை வாங்கவே வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பாஞ்சை மழையில்லாத நாட்களில் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, நிழலில் காயவைத்து, துளி எண்ணெய் தடவி மாட்டுகிறேன். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழிந்துவிடும்.

பெல்ட்டின் வேகத்தை மாற்றும் வேரியேட்டருக்குள் எடை குறைந்த ரோலரும் போட்டுப் பார்த்தேன். ஆறு ரோலர், ஒவ்வொன்றும் அசலைவிட 3 கிராம் குறைவு. கிளம்பும்போது துள்ளியது. ஆனால் 60ல் போகும்போது எஞ்சின் அலறியது, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. அசலுக்கே திரும்பிவிட்டேன். பெல்ட்டை 18,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். கடைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் ஓடும் பெட்டி குட்டை, நீளம் என்று இரண்டு வகை உண்டு; ஒன்றுக்கு 743-20-30, மற்றதற்கு 842-20-30. முதல் எண் நீளம், அடுத்தது அகலம், கடைசி கோணம். உங்கள் வண்டிக்கு எது என்று பழைய பெல்ட்டைப் பார்க்காமல் கடைக்காரர் சொல்ல முடியாது.

ஒரு நாள் வண்டி வழக்கத்தைவிடச் சூடாகி, ஏற்றத்தில் இழுக்கவில்லை. டேப்பட் சரி, பிளக் சரி, காற்றும் சரி. சிலிண்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தால், உள்ளே குளவி மண்ணால் வீடு கட்டியிருந்தது, கட்டைவிரல் நீளத்துக்கு மூன்று அறை. விசிறிக் காற்று போகும் வழி பாதி அடைத்திருந்தது. நல்லவேளை, அறைகள் காலியாகத்தான் இருந்தன. அந்தக் கூடு அழகுக்காக வைத்ததில்லை. காற்றைச் சிலிண்டர்மேல் தள்ளுவதே அதுதான். உடைந்தால் ஒட்டியாவது மாட்டுங்கள், கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள்.

52,000 கிலோமீட்டரில் காலையில் நீலப் புகை வந்தது. ரிங், வால்வு சீல் மாற்றி, வால்வுகளைப் பேஸ்ட் போட்டு இருக்கையில் தேய்த்து உட்கார வைத்தோம். சாமானுக்கு 140 வெள்ளி ஆனது. ஹெட்டைக் கவிழ்த்துப் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிவிட்டு, ஒரு சொட்டாவது கசிகிறதா என்று அப்பா கால் மணி நேரம் காத்திருந்தார். அந்த மாதிரிப் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

குறைகள் உண்டு. முன்பிரேக் சுமார்தான். விளக்கு வெளிச்சம் எங்கள் பக்கத்து லிந்தாங் சாலை இருட்டுக்குப் போதாது. பலத்த மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தால் பெல்ட் வழுக்கும், காயும்வரை பொறுமையாகப் போக வேண்டும். நகல் சாமான்களில் தரம் ஒரே மாதிரி இல்லை. அதே பெட்டியில் வாங்கிய இரண்டு சீல்களில் ஒன்று இரண்டு ஆண்டு நின்றது, மற்றது நான்கு மாதம். ஆனால் சாமான் கிடைக்கவில்லை என்று ஒரு நாளும் வண்டி நின்றதில்லை. ரோட் டாக்ஸ் இரண்டு வெள்ளி. இதையே மறுபடி வாங்குவாயா என்று கேட்டால், வாங்குவேன்.

அடுத்த டேப்பட் 70,000ல். அப்பாவின் டப்பாவிலிருக்கும் ஃபீலர் கேஜில் 0.10 தகட்டின் முனை வளைந்துவிட்டது. ஈப்போ போகும்போது புதிது ஒன்று வாங்கி வர வேண்டும்.